பழைய ஜீப்: பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் உதறல், நக்கிளில் எண்ணெய் ஒழுகல். எதை முதலில் பிரிப்பது?

மண்பாதை:

வண்டி லீஃப் ஸ்பிரிங் ஜீப். முன்னால் டானா 25 ஆக்ஸில், உருண்டை மூடிய நக்கிள் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் மூட்டு), நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், டயர் 6.00-16.

தொல்லை இரண்டு. மணிக்கு 45, 50 கி.மீ. வேகத்தில் இடது சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டியரிங் இரண்டு பக்கமும் படபடவென்று அடிக்கிறது. வேகம் 20க்குக் கீழே வந்தால்தான் அடங்குகிறது. இன்னொன்று, இடது நக்கிள் உருண்டையின் அடியிலிருந்து கருப்பாகச் சொட்டுகிறது. கிரீஸ் மாதிரி கெட்டியாக இல்லை, தண்ணியாக வருகிறது.

டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் தண்டு) எண்ட் நாலும் புதிது. ஸ்டியரிங் டேம்பர் புதிது. முன்டயர்கள் பேலன்ஸ் செய்தாகிவிட்டது. டேம்பர் போட்டதும் உதறல் குறைந்தது, இப்போது பழையபடி ஆகிவிட்டது. முன் ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் தகடு) மட்டும் ஒரிஜினலைவிட நீளமானது, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது.

அடுத்து கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் தலை பின்னால் சாயும் கோணம்) ஆப்பு வைப்பதா, ஸ்டியரிங் பாக்ஸைத் திறப்பதா, நக்கிளைக் கழற்றுவதா? வீட்டு முற்றத்தில்தான் வேலை. பிரஸ் கிடையாது. ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், சாக்கெட் செட், கொக்கி வைத்த சுருள் தராசு இருக்கிறது.

கிரீஸ்கை:

இன்னும் எதையும் கழற்றாதீர்கள். எது ஆடுகிறது என்று தெரியாமல் சாமான் மாற்றினால் எல்லாம் புதிதாகிவிடும், உதறல் மட்டும் பழையதாகவே இருக்கும். டேம்பர் போட்டு அடங்கியது என்றாலே வேறு எங்கோ தேய்மானம் இருக்கிறது என்று அர்த்தம். டேம்பர் உதறலைப் பிடித்து வைக்கும், காரணத்தைச் சரிசெய்யாது.

முதல் சோதனை தரையில் நிற்கும் வண்டியில். என்ஜினை அணைத்து, சக்கரத்தை நேராக வைத்து, ஒருவர் ஸ்டியரிங்கைக் கால் சுற்றுக்கும் குறைவாக இடமும் வலமும் வேகமாக ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் பாக்ஸைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (அதிலிருந்து போகும் தண்டு), நடுவில் இருக்கும் பெல் கிராங்க் (அசைவை டை ராடுகளுக்குத் திருப்பிவிடும் நெம்புகோல்) என்ற வரிசையில் பாருங்கள். டை ராடு எண்ட் நாலையும் மாற்றிவிட்டு பெல் கிராங்க்கை விட்டுவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிற விஷயம். அதன் ஊசி பேரிங்கும் பின்னும் தேய்ந்திருந்தால் கையால் மேலும் கீழும் தூக்கும்போதே தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட்டைச் சுற்றிச் சேசிஸ் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்றும் அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, இடது முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு. மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போய்விட்டால் அது வீல் பேரிங். பிரேக் பிடித்தும் அப்படியே இருந்தால் கிங்பின் பேரிங், அதாவது நக்கிள் திரும்பும் அச்சின் பேரிங். பிரேக் ஷூ டிரம்மைப் பின்தகட்டோடு பூட்டிவிடும், பின்தகடு நக்கிளோடு சேர்ந்தது. ஆகவே மிச்சம் ஆடக்கூடியது நக்கிளுக்கும் ஆக்ஸில் உருண்டைக்கும் நடுவில் இருப்பது மட்டும்தான். இதையே வலது பக்கமும் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த வகை ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று தரையைவிட்டு எழும்பினால் டிஃபரன்ஷியல் வழியாக மற்றது தாராளமாக உருளும், ஹேண்ட் பிரேக் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் சரி. ஆகவே எந்தச் சக்கரத்தைத் தூக்கினாலும் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

லோரேஞ்ச்:

கேஸ்டர் பற்றிக் கேட்டீர்கள். நீள ஷாக்கிள்தான் எனக்குச் சந்தேகம். இந்த ஜீப்பில் முன் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் முன்முனையில் இருக்கிறது. அது நீளமானால் ஸ்பிரிங்கின் முன்முனை சேசிஸைவிட்டுக் கீழே இறங்கும், ஆக்ஸிலின் தலை முன்னால் சாயும், கேஸ்டர் குறையும். ஒரிஜினல் கணக்கு 3 டிகிரி. அது 1க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பாது, நேர் ரோட்டிலும் அலையும்.

சரிசெய்ய நேர்வழி ஒரிஜினல் நீள ஷாக்கிள் போடுவது. ஆப்பு இரண்டாம் பட்சம். வைத்தே ஆக வேண்டும் என்றால் எந்தப் பக்கம் தடிமன் என்பதில் குழப்பம் வரும்: ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே ஓடினால் (உங்களுடையது மாற்றப்படாதது என்றால் அப்படித்தான்) தடித்த முனை முன்னால். ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றி மாற்றிய வண்டி என்றால் தடித்த முனை பின்னால். மாற்றி வைத்தால் இருக்கிற கேஸ்டரும் போய்விடும். இரும்பு ஆப்புதான் வேண்டும், அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கி உடையும், யு போல்ட் தளர்ந்துவிடும். ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப நீளமான சென்டர் போல்ட்டும் போட வேண்டும், இல்லாவிட்டால் போல்ட்டின் தலை ஆக்ஸில் பேடில் இருக்கும் குழிக்குள் சரியாக உட்காராது. இன்னொரு பக்கவிளைவு: கேஸ்டர் கூடக் கூட முன் பினியன் மூக்கு (புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே குனியும். ஆப்பு 2 டிகிரிக்கு மேல் போனால் நாலு சக்கர இயக்கத்தில் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிரலாம்.

கிரீஸ்கை:

ஷாக்கிள் விஷயத்தில் லோரேஞ்ச் சொல்வது சரி, ஆனால் வரிசையில் எனக்கு மாறுபாடு உண்டு. கேஸ்டர் மட்டும் குறைந்தால் வண்டி அலையும். பள்ளம் பட்டதும் தொடங்கி 20 கி.மீ. வரை ஓயாமல் அடிக்கிற உதறலுக்கு எங்கோ ஆட்டம் இருக்க வேண்டும். தேய்ந்த கிங்பின் மேல் கேஸ்டரைக் கூட்டினால் உதறல் சில நேரம் இன்னும் மோசமாகும். முதலில் பிரேக் சோதனை, பிறகு ஷாக்கிள்.

மண்பாதை:

சோதித்தேன். பெல் கிராங்க்கில் ஆட்டம் இல்லை, பாக்ஸ் போல்ட் இறுக்கமாக இருக்கிறது. இடது சக்கரத்தில் பிரேக் மிதித்த பிறகும் ஆட்டம் அப்படியே இருக்கிறது. தூக்கி வைத்த நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் நேர் நிலைக்கு வரும்போது குழியில் விழுந்த மாதிரி ஒரு பிடிப்பு தெரிகிறது. நக்கிளைப் பிரிக்க வேண்டியதுதான் என்று புரிகிறது. எந்த வரிசையில், எதில் கவனம்?

ஸ்பானர்முனை:

அந்தப் பிடிப்புதான் விடை. சக்கரம் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் கிங்பின் பேரிங்கின் உருளைகள் கப்பில் (அவை ஓடும் வெளி வளையத்தில்) ஒரே இடத்தில் தட்டித் தட்டிக் கோடு போட்டிருக்கும். பேரிங்கை மட்டும் மாற்றிப் பழைய கப்பை விட்டால் புது உருளையும் அதே கோட்டில் போய் உட்காரும். மேல், கீழ் இரண்டு பேரிங், இரண்டு கப், உருண்டை சீல் செட், ஆக்ஸில் டியூப் உள் சீல், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) செட், வீல் பேரிங் லாக் வாஷர் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நடுவில் நிறுத்தினால் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும்.

கழற்றும் வரிசை: சக்கரம், கிரீஸ் மூடி, சர்க்கிளிப், டிரைவ் ஃபிளாஞ்சின் ஆறு போல்ட். உள்ளே இரண்டு நட்டும் அவற்றுக்கு நடுவே மடித்த லாக் வாஷரும் இருக்கும். வாஷரின் மடிப்பை நிமிர்த்திவிட்டு 52 மி.மீ. குழாய் சாக்கெட்டால் கழற்றுங்கள். உளியை வைத்துத் தட்டிச் சுற்றாதீர்கள். நட்டின் முகம் கெட்டுவிட்டால் பிறகு பேரிங் அட்ஜஸ்ட்மென்ட் ஒருபோதும் நிற்காது. டிரம் ஹப்போடு வெளியே வரும். வராவிட்டால் பிரேக் ஷூ அட்ஜஸ்டரைப் பின்வாங்கிவிட்டு இழுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பின்தகட்டைக் கழற்றி, பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். பின்தகட்டின் ஆறு போல்ட்டும் பெரும்பாலும் துருவேறி இருக்கும். முந்தைய இரவே துரு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். கழற்றும்போது முதலில் ஒரு நூல் அளவு இறுக்கும் பக்கம் அசைத்து, 'டக்' என்று விட்ட பிறகு தளர்த்துங்கள். அப்படியும் வராவிட்டால் போல்ட்டைச் சுற்றியுள்ள இரும்பைச் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பு வைப்பதற்கு முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள், பக்கத்தில் பிரேக் ஹோஸ் இருக்கிறது.

பிறகு ஸ்பிண்டில் (வீல் பேரிங் உட்காரும் குழாய்) வரும், அதன் பின்னால் ஆக்ஸில் ஷாஃப்ட். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த ஆக்ஸிலில் பொதுவாக மூன்று வகை ஜாயின்ட் வந்திருக்கிறது: சாதாரண கிராஸ் வைத்த ஸ்பைசர், கூண்டுக்குள் குண்டு வைத்த செப்பா, கூண்டே இல்லாத பெண்டிக்ஸ். பெண்டிக்ஸ் வகையில் நாலு குண்டும் நடுவில் ஒரு குண்டும் இரண்டு கவைகளுக்கு இடையே சும்மா பிடித்துக்கொண்டு நிற்கும். வெளி ஷாஃப்டை மட்டும் பிடித்து இழுத்தால் ஜாயின்ட் பிரிந்து குண்டுகள் நக்கிளுக்குள் விழும், மறுபடி கோப்பது சுலபம் இல்லை. எந்த வகை என்று தெரியாத வரை ஜாயின்ட்டையே கையால் தாங்கி, உள், வெளி இரண்டையும் நேர்கோட்டில் வைத்து ஒன்றாக எடுங்கள்.

அடுத்து டை ராடு எண்ட், பிறகு கிங்பின்னின் மேல் மூடி, கீழ் மூடி. ஷிம்களைக் கலக்காதீர்கள். சில ஆக்ஸில்களில் மேலே மட்டும் இருக்கும், சிலவற்றில் மேலும் கீழும் இருக்கும். இரண்டு பக்கமும் இருந்தால் 'மேல்', 'கீழ்' என்று எழுதித் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். அப்படிப்பட்ட ஆக்ஸிலில் ஷிம் குறைக்கும்போது இரண்டு பக்கமும் சமமாகக் குறைக்க வேண்டும். மேலே மட்டும் குறைத்தால் நக்கிள் ஒரு பக்கமாக இறங்கி, ஸ்பிண்டிலின் மையமும் ஷாஃப்டின் மையமும் விலகிவிடும்.

கப்பை உருண்டைக்குள்ளிருந்து பித்தளைத் துண்டு வைத்து, நாலு பக்கமும் மாறி மாறித் தட்டி வெளியேற்றுங்கள். புதிதை உட்கார வைக்கப் பழைய கப்பையே மேலே வைத்துத் தட்டலாம், ஆனால் பழையதன் வெளிச்சுற்றை முதலில் அரத்தால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கப் அடியில் முட்டியதும் தட்டும் சத்தம் மாறும்.

ஸ்பானர்முனை:

பிரீலோட் (பேரிங்கில் முன்கூட்டியே வைக்கும் இறுக்கம்) பற்றித் தனியாக எழுதுகிறேன், முழு வேலையின் பலனும் இதில்தான் இருக்கிறது.

கிங்பின் பேரிங் சும்மா சுழன்றால் போதாது, கொஞ்சம் இறுக்கம் வேண்டும். அந்த உராய்வுதான் பள்ளத்தில் கிடைக்கும் சின்ன அசைவைப் பெரிதாக விடாமல் அமுக்குகிறது. அளக்கும்போது உருண்டை சீல் இருக்கக் கூடாது, ஷாஃப்ட் உள்ளே இருக்கக் கூடாது, டை ராடு கழன்றிருக்க வேண்டும். பேரிங்கில் லேசாக எண்ணெய் தடவி, மூடிகளை மாட்டி, எல்லாப் போல்ட்டையும் முழு இறுக்கம் இறுக்குங்கள். நக்கிளைப் பலமுறை முழுமையாக இடமும் வலமும் திருப்பி உருளைகளை உட்கார விடுங்கள். பிறகு டை ராடு மாட்டும் துளையில் தராசுக் கொக்கியைப் போட்டு, நக்கிள் ஆர்முக்குச் செங்குத்தாக இழுங்கள். நகரத் தொடங்கும் அந்த முதல் உதைப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். சீராக நகரும்போது தராசு காட்டுவதுதான் அளவு. 12 முதல் 16 பவுண்டு, அதாவது சுமார் 5.5 முதல் 7 கிலோ இருக்க வேண்டும்.

ஷிம்கள் 0.08, 0.13, 0.25, 0.76 மி.மீ. தடிமனில் வரும். ஷிம் எடுத்தால் இறுக்கம் கூடும், சேர்த்தால் குறையும். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் மேல் ஷிம் எதுவும் இல்லாமல் மூடியை வைத்து, நக்கிள் லேசாகக் கனக்கும் வரை போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாக இறுக்குங்கள். மூடிக்கும் நக்கிளுக்கும் இடையே நிற்கும் இடைவெளியை எதிரெதிர்ப் பக்கங்களில் ஃபீலர் கேஜால் அளந்து சராசரி எடுத்தால் தொடக்க ஷிம் கிடைத்துவிடும். மேலும் கீழும் ஷிம் இருக்கும் ஆக்ஸில் என்றால் இந்தக் கணக்கைப் பழைய ஷிம்களின் மொத்தத்தோடு ஒப்பிட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சீலை மாட்டிய பிறகு அளந்தால் சீலின் உராய்வும் சேர்ந்து காட்டும். "7 கிலோ வந்துவிட்டது" என்று நினைப்பீர்கள், பேரிங் உண்மையில் தளர்வாகவே இருக்கும்.

உப்புத்தாள்:

ஒழுகலைப் பற்றி யாரும் பேசவில்லை. தண்ணியாக வருகிறது என்றால் அது நக்கிள் கிரீஸ் இல்லை, டிஃபரன்ஷியல் ஆயில். ஆக்ஸில் டியூப்பின் வெளிமுனையில், உருண்டைக்கு உள்ளே ஒரு சீல் இருக்கிறது. அது போனால் கியர் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்து, உருண்டை சீல் வழியாக வெளியேறும். வெளி சீலை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஒழுகுகிறது என்று புலம்புவது இதனால்தான். வெளி சீல் கிரீஸையும் மண்ணையும் தடுக்கத்தான், நிற்கும் எண்ணெயைப் பிடித்து வைக்க அது செய்யப்படவில்லை.

புது சீல் போடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஆக்ஸிலின் பிரீதர் (காற்று வெளியேறும்) துளை மண்ணால் அடைத்திருந்தால் சூடாகும்போது அழுத்தம் கூடி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வரும். டிஃபரன்ஷியலில் லெவல் பிளக்குக்கு மேல் ஆயில் இருக்கக் கூடாது. அளவு பார்க்க வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஷாஃப்டில் சீல் உதடு ஓடும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது. சீலின் உதடு டிஃபரன்ஷியல் பக்கம் பார்க்கட்டும். ஷாஃப்டை உள்ளே விடும்போது அதன் எடை சீல் மேல் சாயாமல் தூக்கிப் பிடித்தே தள்ளுங்கள், ஸ்பிளைன் பட்டால் உதடு கிழியும்.

உருண்டையைப் பாருங்கள். துருப்புள்ளிகள் இருந்தால் அவை ஒவ்வொரு திருப்பத்திலும் சீலை அரம் மாதிரி தேய்க்கும். கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, பள்ளங்களில் இரண்டு பாகம் கலந்து பூசும் உலோக எப்பாக்சியை அழுத்தி, காய்ந்ததும் 180, பிறகு 400 நம்பர் எமரித்தாளால் உருண்டையின் வளைவை ஒட்டியே தேயுங்கள். விரலை ஓட்டினால் எங்கும் தடை தெரியக் கூடாது.

கிரீஸைப் பொறுத்தவரை ஆளுக்கொரு கருத்து. என் வாக்கு பாதி திரவமான என்எல்ஜிஐ (கிரீஸின் கெட்டித்தன்மை எண்) 0 அல்லது 00 வகைக்கு. வீல் பேரிங்கில் போடும் 2ஆம் நம்பரை நக்கிளில் அடைத்தால் சுழலும் ஜாயின்ட் அதை ஓரத்துக்கு வீசிவிடும், திரும்பி வராது; மேல் கிங்பின் பேரிங் காய்ந்துபோகும். எதைப் போட்டாலும் மேல் பேரிங்கில் மட்டும் மாட்டும்போதே கையால் கிரீஸ் அழுத்திவிடுங்கள். நக்கிள் பிளக் மட்டத்துக்கு மேல் நிரப்பவும் வேண்டாம்.

லோரேஞ்ச்:

மாட்டும்போது வீல் பேரிங்: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டைச் சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று பின்வாங்குங்கள். லாக் வாஷர், வெளி நட் போட்டு இறுக்கிய பிறகு மறுபடி சுற்றிப் பாருங்கள், வெளி நட் இறுகும்போது உள் அட்ஜஸ்ட்மென்ட் மாறுவது உண்டு. சரியாக இருந்தால் மட்டும் வாஷரை மடியுங்கள். பழைய மடிப்பையே மறுபடி மடித்தால் உடையும்.

டோ இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் லேசாக உள்ளே திரும்பியிருக்கும் அளவு) கடைசியில். முன்டயர் இரண்டின் நடுவிலும் சாக்பீஸ் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, வண்டியை இறக்கி, கொஞ்சம் முன்னால் உருட்டி, ஆக்ஸில் உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டுக்குக் கோடு அளங்கள். முன்பக்கம் 1.2 முதல் 2.4 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். ஒரிஜினல் ஷாக்கிள் போடுவதென்றால் இதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மண்பாதை:

வலது பக்கத்தில் ஆட்டமும் இல்லை, ஒழுகலும் இல்லை. அதையும் பிரிக்க வேண்டுமா? வேலை முடிந்ததும் டேம்பரை மாட்டியே ஓட்டிப் பார்க்கலாமா?

ஸ்பானர்முனை:

வலதில் டை ராடைக் கழற்றி, சக்கரத்தைத் தூக்கி, நக்கிளைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் பிடிப்பு தெரியாவிட்டால் பிரிக்கத் தேவையில்லை. பிடிப்பு இருந்தால் அதையும் செய்துவிடுங்கள். ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தளர்வு என்றால் உதறல் வேறு வேகத்தில் வரலாம்.

டேம்பரைக் கழற்றி வைத்துவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் 30, 40, 50 என்று படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். டேம்பர் இல்லாமலே நிற்க வேண்டும். நின்றால் பிறகு மாட்டுங்கள். சில நூறு கி.மீ. ஓடியதும் மூடி போல்ட்டையும் யு போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, பிரேக் மிதித்து ஆட்டும் அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். புது கப் முழுதாக உட்காரும்போது பிரீலோட் கொஞ்சம் இறங்கும், ஒரு 0.08 ஷிம் எடுக்க வேண்டி வரலாம்.